ஐந்து விரலும் ஒரு நாடகமும்

போன மாதம் சர்மிளா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெறும்போது எனக்குக் கீழே தாதியாக வேலை பார்த்த பிள்ளை. இப்போது அதே வாட்டில் அவள்தான் பெரியவள். யாரோ நல்ல மனதுக்காரர்கள் தீக்காய நோயாளிகளுக்கென்று கண்ணை முழுக்க மறைத்து மாட்டுகிற பெரிய கண்ணாடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களாம். மாட்டினால் நாலு பக்கமும் கடலும் மீனுமாகத் தெரியுமாம். புண்ணுக்கு மருந்து கட்டி முடியும்வரை நோயாளி மீனைப் பார்த்துக்கொண்டு வலியை மறந்திருப்பாராம். ‘இத ஒரு சின்னப் போன வச்சு மிஸ் அப்பவே செஞ்சாங்கனு புதுப் பிள்ளைங்ககிட்டச் சொன்னேன். நம்பவே மாட்டேங்குதுங்க. வாட்டு மலருக்கு நீங்களே எழுதிக் குடுங்க மிஸ்’ என்றாள்.

எழுதுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். என்னைப் புகழ்ந்து எழுதச் சொன்னால் எனக்குக் கை நிற்காது. ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்த பிறகுதான், அந்தப் போன் வைத்தியம் பெரிதாகப் பலித்த இடத்தில் நான் முதலில் செய்தது முழு முட்டாள்தனம் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் சர்மிளாவே சிரிப்பாள். அவள் அன்றைக்கு வாட்டில்தான் இருந்தாள்.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். எங்கள் தோட்டத்திலிருந்து தாதி வேலைக்குப் போன முதல் பெண். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருடம் சிங்களத்தில் படித்து, தமிழில் அழுது, தேறி வந்தேன். பதுளையில் நான் ஆயுளில் பாதியைக் கழித்த ஆஸ்பத்திரியின் பெயரையும் வாட்டின் இலக்கத்தையும் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் வாட்டு, இருபத்திரண்டு கட்டில், ஜன்னலைத் திறந்தால் மலை.

அந்த வாட்டை ஆண்டவர் நாகேஸ்வரி சிஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். ஆண்டவர் என்று எழுதியது வேண்டுமென்றேதான். சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. நோயாளிக்கு நித்திரைதான் முதல் மருந்து என்பார். ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டுக்கொண்டு பூனை மாதிரி வருவார். இடுப்பில் இருக்கிற சாவிக்கொத்து குலுங்கக் கூடாது என்று அதைக் கைக்குள் பொத்திக்கொண்டே நடப்பார். நோயாளி முன்னால் ஒரு தாதியை ஒருநாளும் ஏச மாட்டார். தன் அறைக்குக் கூப்பிட்டு, கதிரையில் உட்காரவைத்து, பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்தத் தேத்தண்ணீரைக் குடிக்கிறதை விட நாலு அடி வாங்கலாம்.

நான் சேர்ந்த காலத்தில் வாட்டுக்குப் பொழுதுபோக்கு ஒரேயொரு டிவி. சுவரில் உயரத்தில், இரும்புக் கூண்டுக்குள், பூட்டுப் போட்டு இருந்தது. அதன் சாவி சிஸ்டரின் கொத்தில், வலி ஊசி மருந்து வைக்கும் அலுமாரிச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது. மாலை ஆறரைக்குத் திறந்தால் எட்டுக்குப் பூட்டு. கட்டிலில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் சிங்களம். எந்த நாடகத்தைப் போடுவது என்று தினமும் சண்டை. எலும்பு முறிந்து கிடந்தவளெல்லாம் எழுந்து உட்கார்ந்து வாதாடுவாள். சிஸ்டர் ஒரு சட்டம் போட்டார். ஒற்றைத் திகதியில் தமிழ், இரட்டைத் திகதியில் சிங்களம். கொஞ்ச நாள் அமைதி. பிறகு ஒரு அம்மா கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார், முப்பத்தொன்றும் ஒற்றை, ஒன்றும் ஒற்றை, தமிழுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் போகிறது என்று. சிஸ்டர் யோசித்தே பார்க்கவில்லை. முப்பத்தோராம் திகதி டிவியே இல்லை என்றார்.

அந்தச் சட்டம் யாரும் எடுக்காமலே செத்துப்போனது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஹல்துமுல்லையிலிருந்து கால் முறிந்து வந்த ஒரு இளம் டீச்சர், உள்ளங்கை அளவு போனில் முழுப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கட்டில்காரியின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். கண் அந்தப் போனுக்குள் போய்விட்டது. மழை பெய்கிறது, பஸ் போகிறது, ஆயிரம் பேர் ஓடுகிறார்கள், எல்லாம் அவள் கைக்குள். ஒரு படம் பார்க்க எங்கள் தோட்டத்திலிருந்து நடந்தும் ரயிலிலுமாகப் பதுளைக்கு வந்து போனால் எங்களுக்கு ஒரு முழு நாள் செலவு. இவள் காலில் மாவுக்கட்டோடு படுத்தபடி, பிடிக்கவில்லை என்று விரலால் ஒரு தள்ளுத் தள்ளி அடுத்த படத்துக்குப் போகிறாள். நாடி எத்தனை எண்ணினேன் என்று எனக்கு மறந்துபோனது. பக்கத்துக் கட்டில்காரி ‘மிஸ்ஸி, கைய விடுங்க, மரத்துப்போச்சு’ என்ற பிறகுதான் விட்டேன்.

இரண்டு மூன்று வருடத்தில் வாட்டே மாறிவிட்டது. ஆறரை மணிக்கு ஒரு சத்தம் இல்லை. இருபத்திரண்டு கட்டிலில் இருபத்திரண்டு வெளிச்சம். ஒருத்தி தனக்குள் சிரிப்பாள், பக்கத்துக்காரி தனக்குள் அழுவாள், ஒருத்திக்கு மற்றவள் என்ன பார்க்கிறாள் என்று தெரியாது. சண்டை முழுக்க, சுவரில் போனைச் சார்ஜ் பண்ணும் துளை யாருக்கு என்பதற்கு மாறியது. சிஸ்டருக்கு மட்டும் பரம சந்தோசம். காதில் வயர் மாட்டிக்கொண்டு எதையும் பார்க்கலாம், சத்தம் வெளியே கேட்டால் போன் அவருடைய மேசை லாச்சிக்குள் போய்விடும். இதுதான் புதுச் சட்டம்.

எனக்கோ அந்தப் போன் மேல் பக்தியே வந்துவிட்டது. தீக்காயத்துக்கு மருந்து கட்டுவது என் பொறுப்பு. அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். வலி ஊசி போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். பழைய துணியைச் சேலைன் ஊற்றி ஊறவிட வேண்டும். ஊறிய பிறகு ஓரத்திலிருந்து உள்ளுக்கு, மயிரிழை மயிரிழையாகக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் புதிதாக வந்த தோலும் சேர்ந்து வந்துவிடும். ஊசி எவ்வளவு போட்டாலும் அந்தக் கழற்றும் நேரத்து வலி முழுதாகப் போகாது. ஒருநாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டும்போது, என் போனில் ஒரு சிரிப்புப் படக் காட்சியைப் போட்டு பக்கத்தில் நின்ற தாதியிடம் கொடுத்து அதன் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பிள்ளை சிரித்து முடிப்பதற்குள் பாதிக் கட்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து சேலைன் போத்தல் தொங்கவிடும் கம்பியில் பிளாஸ்டரால் போனை ஒட்டி, நோயாளியின் கண்ணுக்கு நேரே நிறுத்துவது என் வழக்கம். சின்னத் தாதிமார் எனக்குப் ‘பட மிஸ்’ என்று பட்டம் வைத்தார்கள். நான் கோபப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அப்படித் தலை கொஞ்சம் கனத்திருந்த நேரத்தில்தான் பரமேஸ்வரி வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். தெமோதரைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். கொழுந்து எடுக்கிறவள். மாலையில் சோறு வடிக்கும்போது மூடி சறுக்கி, கொதிகஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெந்திருந்தது. பெரிய டொக்டர் பார்த்துவிட்டு என்னிடம் தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு விரலையும் தனித்தனியே பிரித்து, இடுக்கில் துணி வைத்து, தினமும் கட்ட வேண்டும். கட்டை அவிழ்க்கும்போதே ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டவைக்க வேண்டும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தால் கை திரும்பக் கிடைக்கும். விட்டால் விரலோடு விரல் ஒட்டி, உள்ளங்கை சுருங்கிவிடும், பிறகு ஆப்பரேசன் பண்ணினாலும் பழைய கை வராது. இரண்டு கையாலும் கிள்ளிக் கூடையில் போடுகிற வேலை. ஒரு கை மூடிக்கொண்டால் அவள் தோட்டத்துக்குள் எந்த வேலைக்கும் ஆக மாட்டாள். அது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் கட்டும்போது அவள் போட்ட சத்தத்தில் கீழ் மாடியிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் என் வைத்தியத்தை எடுத்தேன். கம்பியில் போனை ஒட்டி, என்ன பிடிக்கும் என்று கேட்டேன். ஆறரை மணி நாடகம் என்று ஒரு பெயரைச் சொன்னாள். தேடிப் போட்டுவிட்டுக் கழற்றத் தொடங்கினேன். அவள் போனைப் பார்க்கவில்லை. போனைத் தாண்டித் தன் கையையே பார்த்தாள். நான் போனை இன்னும் கிட்டே நகர்த்தினேன். தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் கையைப் பார்த்தாள். சர்மிளாவை அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பச் சொன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள். போனுக்குள் யாரோ கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டினேன். மூன்றாம் நாள் சர்மிளாவின் பெரிய போனை வாங்கி மாட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவள், இன்னும் இரண்டடி உள்ளே போனேன்.

நான்காம் நாள் காலை பரமேஸ்வரி கையை நீட்ட மாட்டேன் என்றுவிட்டாள். அவள் புருசன் சுப்பையா வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். தோட்டத்தில் பச்சிலை அரைத்துக் கட்டுகிற ஒருவர் இருக்கிறார், சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்துவிட்டுக் கூட்டிப்போகிறோம் என்று மெதுவாகச் சொன்னார். மொத்தக் கையையும் ஒரே துணியில் சுற்றிக் கட்டுவார்கள், எனக்குத் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. ‘போங்க. போயி அஞ்சு வெரலையும் ஒண்ணா ஒட்டவச்சுக்கிட்டு வாங்க. அப்ப வந்து அழுவீங்க’ என்றேன். வாட்டு முழுக்கக் கேட்டது.

திரும்பினால் சிஸ்டர் நிற்கிறார்.

அறைக்குள் உட்காரவைத்தார். பிளாஸ்க் மூடி வந்தது. நான் குடித்து முடித்ததும், ‘நீர் பயந்திட்டீர், இந்திராணி. பயந்த ஆக்கள்தான் நோயாளியோட கோவிக்கிறவை’ என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உண்மையில் பயந்துதான் போயிருந்தேன். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மாவின் கையைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. சிஸ்டர் வெளியே போய்ச் சுப்பையாவிடம் பேசினார். கையெழுத்தை நாளைக்கு வைக்கலாம், இன்றைக்கு ஒரு தடவை மட்டும், ஊசி மருந்தை டொக்டரிடம் கேட்டு மாற்றி, மாலையில் கட்டிப் பார்க்கிறோம் என்றார். சுப்பையா பெண்சாதியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

மாலையில் நானே தட்டோடு போனேன். போன், கம்பி எதையும் எடுக்கவில்லை. எடுக்க முகம் இல்லை. துணியை ஊறவைத்து, கட்டைவிரலில் ஆரம்பித்தேன். அவள் பல்லைக் கடித்தாள், கை விறைத்து மரக்கட்டையாக நின்றது. அந்த நேரம் எதிர்க் கட்டிலில் இருந்த ஒருத்தியின் போனிலிருந்து காது வயர் கழன்றுவிட்டது. ஆறரை மணி நாடகத்தின் ஆரம்பப் பாட்டு வாட்டு முழுக்க முழங்கியது. அவள் வயரைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து பேச்சுத் தொடங்கியது.

என் கையில் இருந்த கை தளர்ந்தது.

முதலில் மயக்கம் போட்டுவிட்டாளோ என்று பயந்து முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. முகத்தில் சுருக்கம் இல்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த துணி, மூன்று நாளாக என்னால் அலறல் இல்லாமல் தொட முடியாத துணி, என் இடுக்கியோடு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே, மெதுவாக, ‘இவ பொய் சொல்றா மிஸ்ஸி’ என்றாள். நாடகத்துக்காரியைச் சொன்னாள். அடுத்த விரலுக்குப் போனேன். அதுவும் வந்தது. அதற்குள் சிஸ்டர் வருகிறார் என்று யாரோ சொல்ல, எதிர்க் கட்டில்காரி பதறிப்போய் வயரைச் செருகினாள். சத்தம் நின்றது. அந்த நொடியே கை விறைத்தது, அலறல் வந்தது.

இத்தனை வருடத்தில் வலி ஊசி இவ்வளவு வேகமாகப் பிடித்ததையும் விட்டதையும் நான் பார்த்ததில்லை.

கட்டி முடித்து, கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இதே நாடகத்தைத்தானே இரண்டு நாளாகக் கண்ணுக்கு நேரே வைத்தேன், ஏன் பார்க்கவில்லை என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

‘நான் எங்க மிஸ்ஸி நாடகம் பாத்தேன்? டிவி முன்னால காம்பராவுல இருக்கு. நான் குசினியில அடுப்புப் பக்கம் திரும்பி நிப்பேன். முதுகுப் பக்கமாத்தான் கேக்கும். ஏழு வருசமா அப்படித்தான். அவங்க மொகமெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க போன வச்சதும் யாரு யாருனு புரியல. கொழப்பமா இருந்துச்சு.’

பிறகு கஞ்சி கொட்டிய கதையையும் சொன்னாள். அன்றைக்கு நாடகத்தில் ஒருத்தி தன் பிள்ளைக்கு அப்பன் யார் என்று சொல்லப்போகிற கட்டம். பின்பக்கம் மழை, கூரைத் தகரத்தில் சத்தம். பேச்சுச் சரியாகக் கேட்கவில்லை. பானையைச் சரித்துப் பிடித்தபடியே தலையை மட்டும் காம்பராப் பக்கம் திருப்பியிருக்கிறாள். மூடி சறுக்கியது. ‘அந்தப் பேச்ச விட்டா மறுபடி வராதுல்ல மிஸ்ஸி’ என்றாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

லயத்துக் காம்பராவில் டிவிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து வளர்ந்தவள் நான். அம்மா பின்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாக் கதையும் தெரியும். அவரும் ஒருநாளும் பார்க்கவில்லை என்பது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு நோயாளி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளை என்று வாட்டில் பெருமை அடித்துக்கொள்கிறவள், தோட்டத்துப் பொம்பளை எப்படி நாடகம் பார்க்கிறாள் என்பதை மறந்திருந்தேன்.

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சரி, காதில் வயரை மாட்டிவிடும் என்றார். மறுநாள் காலை மாட்டினேன். ஒரு நிமிடம் இருக்காது, பிடுங்கச் சொன்னாள். காதுக்குள் யாரோ உட்கார்ந்து பேசுகிற மாதிரி பயமாக இருக்கிறதாம். தள்ளியிருந்து, முதுகுப் பக்கமிருந்து, வீட்டில் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டுமாம். ஆக, போனை அவள் தலைமாட்டுக்குப் பின்னால் வைத்து, வாய்விட்டுப் பேசவிட வேண்டும். அதாவது சிஸ்டரின் சட்டத்தை நடு வாட்டில் போட்டு உடைக்க வேண்டும். இதைப் போய் நான் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

சிஸ்டர் சாவிக்கொத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பிறகு ஒன்றாம் கட்டிலுக்குப் போனார். தமிழ் ஆளிடம் தமிழில், சிங்கள ஆளிடம் சிங்களத்தில், ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்டார். ‘அந்தப் பிள்ளைக்குக் கை கட்ட வேணும். இருபது நிமிசம் சத்தம் வரும். பொறுப்பியளோ?’ இருபத்தொரு கட்டிலிலும் கேட்டார். தலையிடி என்று படுத்திருந்த ஒரு சிங்கள அம்மா மட்டும் முகம் சுளித்தார். சிஸ்டர் அவர் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தானே பிடித்து, ஒரு அட்டென்டன் மறுபக்கம் பிடிக்க, வராந்தா ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். கட்டளை போட்டுப் பழகிய வாய் அது. அது ஒவ்வொரு நோயாளியிடமும் அனுமதி கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போனை அவள் தலைக்குப் பின்னால், சாமான் வைக்கும் லொக்கருக்கு மேல் வைத்தேன். எந்த நாள் நாடகத்தைப் போட என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. முதல் நாளிலிருந்து நேற்று வரைக்கும் எல்லாம் இதற்குள் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். ‘ஏழு வருசமுமா?’ என்றாள். சொல்லும்போது எனக்கே அது பெரிதாகப்பட்டது. தினமும் பார்க்கிற சாமானாகையால் நான் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஏழு வருடத்து மாலை நேரங்கள், அவள் வடித்த சோற்றுக்கெல்லாம் பின்னால் ஓடிய அத்தனை பேச்சும், ஒரு எழுத்துக் குறையாமல் அந்த லொக்கர் மேல் கிடந்தது. எந்தச் சாமி இப்படிக் கணக்காக எடுத்து வைத்திருக்கும்?

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்ப எனக்குக் கை வெந்த அன்னிக்கு உள்ளதப் போடுங்க’ என்றாள்.

தேடி எடுத்துப் போட்டுவிட்டுக் கழற்ற ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடினாள், கை தளர்ந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல். வாட்டில் ஒரு சத்தம் இல்லை. காதில் மாட்டியிருந்த வயரை ஒவ்வொருத்தியாகக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கள அம்மாமார் ‘என்ன, என்ன சொல்கிறாள்’ என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்டார்கள். நடுவிரலைப் பிரித்தேன். அந்தக் கட்டம் வந்தது. நாடகத்துக்காரி அழுகிறாள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்கிறாள். என் பிள்ளைக்கு அப்பன், என்று தொடங்குகிறாள். பரமேஸ்வரியின் மூச்சு நின்றது. என் இடுக்கியும் நின்றது. டமார் என்று ஒரு மேளம். நாளைக்குத் தொடரும் என்று பாட்டு வந்துவிட்டது.

‘சொல்லவே இல்லியா?’ என்றாள் பரமேஸ்வரி. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கிச் சிரித்தாள். ‘இதுக்கா மிஸ்ஸி நான் கைய வேக வச்சேன்?’ எதிர்க் கட்டில் சிரித்தது, பக்கத்துக் கட்டில் சிரித்தது, விசயம் மொழிபெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் சிங்களப் பக்கமும் சிரித்தது. வாசலில் காவலுக்கு நின்ற சிஸ்டர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்குள் நான் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் முடித்து, ஐந்தையும் மடக்கி நீட்டச் சொன்னேன். கொஞ்சம் மடங்கியது. அழுதுகொண்டே நீட்டினாள், ஆனால் நீட்டினாள்.

கையெழுத்துப் பேச்சு அத்தோடு போனது. மூன்று வாரம், தினமும் இருபது நிமிடம். கொஞ்ச நாளில் வராந்தா ஓரத்து அம்மா தன் கட்டிலைத் திரும்ப உள்ளே தள்ளச் சொல்லிவிட்டார், கதை பாதியில் விட்டுப்போகிறதாம். நான் ஒவ்வொரு நாளும் துணியைப் பிரிக்கும்போது, அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றேன். இப்போதும் எனக்கு அந்த ஆச்சரியம் போகவில்லை. ஊசி மருந்துக்கு அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, பக்க விளைவு இருக்கிறது. ஒரு பெண் அடுப்படியில் நின்று ஏழு வருடமாகத் தனக்குள் சேர்த்து வைத்திருந்த வேறோர் உலகம், கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனதே, அதற்கு என்ன அளவு? எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சொல்லட்டும்.

வீட்டுக்குப் போகும் நாளில் போனில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவள் மனதில் இருக்கிற முகமே அவளுக்குப் போதுமாம்.

ஒன்றரை மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தாள். அன்று எனக்குக் கிளினிக்கில் வேலை. காத்திருக்கிற வாங்குப் பலகையில் நிறைய ஆட்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்து மடியில் ஒரு போனை வைத்திருந்தாள். கொழும்பில் வேலை செய்கிற மகள் வாங்கிக் கொடுத்ததாம். சத்தத்தைக் குறைத்து, போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டர் அவள் இலக்கத்தைக் கூப்பிட்டார். அவள் அவசரப்படவில்லை. போனை நிமிர்த்தி, வலது கையின் சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். தோல் வெளிறிப் பளபளத்த விரல், ஆனால் தனியாக, நேராக நின்ற விரல். கதை நின்றது.

டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், பேனாவைக் கொடுத்துக் கிள்ளிப் பிடிக்கச் சொன்னார். அடுத்த மாதம் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கலாம் என்றார். வெளியே வந்ததும் நான் அவள் கையை வாங்கி ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தேன். நான் கட்டிய விரல்கள். வீட்டில் இப்போது சோறு வடிக்கும்போது என்ன செய்கிறாய், பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்டேன்.

‘நிப்பாட்டி வச்சிட்டுத்தான் மிஸ்ஸி வடிக்கிறேன். வடிச்சி முடிச்சி, கையத் தொடச்சிட்டு வந்து தட்டினா, விட்ட எடத்துலருந்து பேசுது’ என்றாள். கொஞ்சம் நின்று, தனக்கே நம்பிக்கை வராத மாதிரிப் போனைப் பார்த்தாள். ‘காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிட்டா நமக்காக நிக்க மாட்டாங்க. பஸ்ஸு நிக்காது. கொழுந்து நிறுக்கிற தராசும் நிக்காது. இது ஒண்ணு எனக்காக நிக்குது மிஸ்ஸி.’

பிறகு அந்த விரலால் மறுபடி தட்டி, கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.